மூணு விரக்கடை உயரம்

எனக்கு வண்டின்னா பயம் கிடையாது. அத முதல்லயே சொல்லிப்புடுறேன். தேனியில நாங்க வச்சிருக்கது வீல் அலைன்மெண்ட் கடை. எங்க வீட்டுக்காரக குழிக்குள்ள இறங்கி நட்டு முறுக்குவாக. நான் மேல கம்ப்யூட்டர் முன்னாடி நின்னு, "இடது சக்கரம் இன்னும் கொஞ்சம் உள்ள, ம்ம், அம்புட்டுத்தான், போதும்"னு குரல் குடுப்பேன். சக்கரம் நேரா நின்னா திரையில பச்சை, கோணிக்கிட்டு நின்னா சிவப்பு. வேலை முடிஞ்சா நானே எடுத்துக்கிட்டு வீரபாண்டி வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிப் பார்த்துட்டுத்தான் சாவியக் குடுப்பேன். "ஒங்க வீட்டம்மா ஓட்டுற ஓட்டுக்கு வண்டி நேரா ஓடாம என்ன செய்யும்"னு லாரிக்காரகளே சொல்லுவாக. அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு வண்டியக் கண்டு ஈரக்குலை நடுங்கிருச்சு. அதுவும் ஊரான் வண்டியில்ல, எங்க கையால நாங்களே பூட்டின வண்டி.

அது ஒரு கிட் கார். பொட்டி பொட்டியா வந்து இறங்குச்சு. சட்டம், சக்கரத்தப் பிடிக்கிற கை, ஸ்பிரிங், ஃபைபர் பாடி எல்லாம் அதுல இருக்கும். எஞ்சினையும் ஸ்டியரிங்கையும் ஒரு பழைய சின்னக் கார்ல இருந்து கழட்டி நாமளே மாட்டிக்கிறணும். கூரை கிடையாது, தரையோட தரையா இருக்கும், ரெண்டே சீட்டு. அவுகளுக்கு அது ரொம்ப நாள் ஆசை. நான் சும்மா இருப்பேனா? "இதுல உக்காந்து போனா தெருநாய் வந்து நம்ம மூஞ்சிய நக்கிட்டுப் போகும்"னேன். அவுக சிரிச்சுக்கிட்டே, "நமக்கு ரெண்டு சீட்டு போதும்ல"ன்னாக. எங்களுக்குப் பிள்ளை இல்ல.

வண்டி பூட்டி முடிஞ்ச சமயத்துல என் தங்கச்சிக்குக் கல்யாணம் கூடிருச்சு. எங்க ஊரு உத்தமபாளையம் தாண்டி, வாய்க்கால் ஓரத்து வேதக்கார ஊரு, எங்களுக்குக் கோயில்னா மாதா கோயில்தான். மாப்பிள்ளை பெரியகுளம் பக்கத்துல வாத்தியார். தேனிக்குத் துணி எடுக்க வந்தவ கடைக்குள்ள நின்ன வண்டியப் பார்த்துட்டா. "மச்சான், கோயில்ல இருந்து மண்டபத்துக்கு நானும் அவரும் இதுலதான் போவோம். நீங்க மாட்டேன்னு சொன்னா மேடையில அழுதுருவேன்." இவுகளுக்குத் தலைகால் புரியல. நம்பர் வாங்காத வண்டிய மெயின் ரோட்டுல இறக்கக்கூடாதுன்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன். ஊருக்குக் குட்டியானை லாரியில ஏத்திக் கொண்டு போறது, கோயிலுக்கும் மண்டபத்துக்கும் நடுவுல இருக்கிற வாய்க்கால் பாதையில மட்டும் ஓட்டுறதுன்னு முடிவாச்சு. மாப்பிள்ளைதான் ஓட்டணும். அவருக்கு ஸ்கூட்டர் நல்லா வரும், கார் சுமாராத்தான் வரும்.

வண்டியப் பார்க்க எங்க தாய்மாமா வந்தாக. அப்பா போனதுல இருந்து எங்க வீட்டுல எதுவும் அவுக சொல் கேட்டுத்தான் நடக்கும். மாமாவுக்கு ஜீப்பு ட்ரிப்பு. விடியக்காலம் கம்பம் மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் பொம்பளையாளுகள ஏத்திக்கிட்டுப் போறது. ஒரு ஜீப்புக்குள்ள எத்தனை பேர்னு எண்ணினா நமக்குத்தான் கிறுக்குப் பிடிக்கும். அந்தக் கனத்துக்காக எந்த ஜீப்பு வாங்கினாலும் மொத வேலையா, அடியில வில்லு மாதிரி வளைஞ்சு தாங்குற கமான் பட்டை ஒண்ணு கூடப் போட்டு உசத்திருவாக. எங்க பள்ளத்தாக்குல எல்லாருமே அப்பிடித்தான். வண்டின்னா நிமிர்ந்து நிக்கணும்.

மாமா குனிஞ்சு வண்டிக்கு அடியில விரலை விட்டுப் பார்த்தாக. "என்னடா இது, படுத்துக் கெடக்கு? மண்டப வாசல் மேட்டுல உரசுமே."

மண்டப வாசல்ல சாக்கடைக்கு மேல ஒரு சிமெண்டு மேடு இருக்கு. என் கல்யாணத்தன்னைக்கு நான் வந்த கார் அந்த மேட்டுலதான் அடி உரசி மாட்டிக்கிச்சு. முன்னாலயும் போகல, பின்னாலயும் வரல. மாலையோட நான் உள்ள உக்காந்திருக்கேன், இளவட்டங்க சேர்ந்து தள்ளுறாங்க. கூட்டத்துல யாரோ ஒரு பொம்பளை, "வாசல்லயே தட்டிருச்சே"ன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. அதுக்கப்புறம் எனக்கு வயித்துல தங்கினது அஞ்சாம் மாசத்துல போச்சு. அடுத்ததும் நிக்கல. ஊர்ல ஆளாளுக்கு அந்த மேட்டத்தான் சொன்னாக. யாரு என்ன சொன்னாலும் சுள்ளுன்னு திருப்பிக் குடுக்கிறவ நான். ஆனா ராத்திரி படுத்தா அந்த உரசல் சத்தம் எனக்கும் கேக்கும். நானும் அத நம்பினேன், அதான் உண்மை.

"பெரியவளுக்கு ஆனது சின்னவளுக்கு ஆகக்கூடாது. மூணு விரக்கடை ஏத்து"ன்னாக மாமா, மூணு விரலச் சேர்த்துக் காட்டி. என்னய வச்சுக்கிட்டே சொன்னாக. என்னய நோகடிக்கணும்னு இல்ல, பாசத்துலதான்.

இவுக மெதுவா, "உயரத்த மாத்தினா ஸ்டியரிங் கணக்கு மாறும் மாமா"ன்னு சொல்லிப் பார்த்தாக. "நான் மலையேத்தாத வண்டியாடா?"ன்னு ஒரே பேச்சு. இதுல கமான் பட்டை கிடையாது, சுருள் ஸ்பிரிங். அடியில இருக்கிற மரை ரிங்கைத் திருகினா வண்டி உசரும். திருகினாக. நானும் வேணாங்கல. எனக்கும் உரசக்கூடாதுன்னுதான் இருந்துச்சு. ஏத்தின உயரத்துலயே வச்சு அலைன்மெண்ட் பார்த்தோம். திரை பூராம் பச்சை.

ஆனி மாசக் காத்து. அணையில தண்ணி திறந்துவிட்டு வாய்க்கால் கரை முட்டிப் போய்க்கிட்டு இருந்துச்சு. கல்யாணத்துக்கு முந்துன வாரம் குட்டியானையில வண்டியக் கொண்டுவந்து இறக்கி, கோயில் வாசல்ல இருந்து நான் தனியா ஓட்டிப் பார்த்தேன். இடது பக்கம் வாய்க்கால், வலது பக்கம் திராட்சைப் பந்தல். பாதை அகலம் ஒரு டிராக்டர் போற அளவுதான். வேகமும் ஒண்ணும் பெருசா இல்ல. பாதையில ஒரு இடத்துல கல்லு ஒண்ணு பேந்து நிமிர்ந்து நிக்கும். இடது சக்கரம் அதுல ஏறுச்சு.

வண்டி திரும்பிருச்சு.

நான் திருப்பல. என் கை ரெண்டும் ஸ்டியரிங்ல நேராத்தான் இருக்கு, கண்ணால பார்க்கிறேன். கை அசையாம இருக்கு, வண்டி வாய்க்காலப் பார்த்துப் போகுது. "சேசு மரி சூசை!"ன்னு கத்திக்கிட்டே பிரேக்க மிதிச்சேன். முன்சக்கரம் கரைப் புல்லுல ஏறி நின்னுச்சு. எட்டிப் பார்த்தா தண்ணி. அந்தாண்டக் கரையில துணி துவைச்சுக்கிட்டு இருந்த பொம்பளைக, "ஏத்தா, இறங்குத்தா, இறங்கு!"ன்னு கூப்பாடு போடுறாக. இறங்க முடிஞ்சாத்தானே? பிரேக்குல வச்ச கால எடுக்க எனக்கு மனசு வரல.

என் உசுரு எனக்குப் பெருசாத் தெரியல. அந்தச் சீட்டுல வெள்ளைப் பட்டும், தலையில முக்காடு நெட்டும், கழுத்து கொள்ளாத மாலையுமா என் தங்கச்சி உக்காந்திருக்கிறது கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. அவளுக்கு நீச்சல் தெரியாது. நானா இருக்கப் போயி பிரேக்க மிதிச்சேன். வாத்தியாரு என்ன செஞ்சிருப்பாரு? பிள்ளைகளுக்குக் கை ஆட்டிக்கிட்டே போயி இறங்கியிருப்பாரு. அதவிடப் பெரிய பயம், திரையில எல்லாம் பச்சையா இருந்ததுதான். எத்தனை வருஷமா அந்தப் பச்சைய நம்பி ஊரார் கையில சாவியக் குடுத்துக்கிட்டு இருக்கேன்!

நானும் எங்க வீட்டுக்காரகளும் வண்டியத் தள்ளிக்கிட்டு வந்து மாமா ஜீப்பு நிறுத்துற கொட்டகையில போட்டோம். மாமாவ ஆள் விட்டுக் கூப்பிட்டேன். "வண்டிய இறக்கப் போறோம்"னேன்.

"அதெல்லாம் முடியாது. ஒனக்கு ஓட்டத் தெரியல"ன்னாக.

வந்துச்சே எனக்குக் கோவம். "மாமா, நான் பல்லக் கடிச்சுக்கிட்டு மரியாதையாப் பேசிக்கிட்டு இருக்கேன். இங்கன வாங்க, வந்து சுவத்தப் பாருங்க. பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க."

இவுக அதுக்குள்ள வண்டிச் சட்டத்துக்கு முட்டு குடுத்து, ஏத்தின உயரத்துலயே நிறுத்தி, ஸ்பிரிங்கக் கழட்டியிருந்தாக. டயரையும் கழட்டிட்டு, சக்கரம் மாட்டுற தட்டுல ஒரு லேசர் பேனாவ வச்சுக் கட்டியிருந்தாக. எதுத்த சுவத்துல செகப்பா ஒரு புள்ளி. ஸ்டியரிங்கக் கயிறு போட்டு அசையாமக் கட்டியாச்சு. ஜாக்கி வச்சு அந்தத் தட்ட மட்டும் மெல்ல மேல தூக்கினாக, சக்கரம் கல்லு மேல ஏறினா எப்பிடித் தூக்குமோ அந்த மாதிரி. புள்ளி நேரா மேல ஏறணும். ஏறல. பக்கவாட்டுல ஜன்னலப் பார்த்து நகர்ந்து நகர்ந்து போச்சு. நான் சாக்பீஸால அது போற வழியெல்லாம் குறிச்சுக்கிட்டே வந்தேன்.

மாமா புள்ளியப் பார்த்தாக, கட்டிப் போட்ட ஸ்டியரிங்கப் பார்த்தாக, திரும்பவும் புள்ளியப் பார்த்தாக. "ஏத்தா, யாரும் தொடாமத் திரும்புதே இது!"

"அதத்தானே சொல்றேன்."

இவுக விளக்கினாக. சக்கரத்த ஒரு இரும்புக் கை பிடிச்சிருக்கு, ஸ்டியரிங் கம்பி ஒண்ணும் பிடிச்சிருக்கு. சக்கரம் ஏறி இறங்கயில ரெண்டும் ஒண்ணு போல ஏறி இறங்கணும். இந்த வண்டி செஞ்சவுக சொன்ன உயரத்துல நின்னா அது ஒத்துப் போகும். நாம ஏத்திவிட்டதுல கம்பி ஒரு சாய்வு, கை ஒரு சாய்வு. சக்கரம் ஏறும்போது கம்பி அதப் பிடிச்சு இழுத்துருது. ஜாக்கிய இன்னும் தூக்கத் தூக்க, சுவத்துல புள்ளி கோணலா ஓடுனதெல்லாம் அடங்கி, நடுவுல நேரா ஏறுச்சு. நான் போட்ட சாக்பீஸ் கோட்டுல அடிப்பாகம் கோணல், நடுப்பாகம் நேர். வண்டி நிக்க வேண்டியது நடுவுல. வண்டி உசந்தா சக்கரம் கீழ தொங்கும்ல, நாங்க மெனக்கெட்டு உசத்தி அடிப்பாகத்துல கொண்டு போயி நிறுத்தியிருக்கோம். நின்ன இடத்துல நேரா இருக்கான்னு மட்டுந்தான் எங்க மிஷினுக்குத் தெரியும். அசையயில என்ன ஆகும்னு அதுக்குத் தெரியாது.

மாமா அப்பிடியே உரச்சாக்கு மேல உக்காந்துட்டாக. "வாய்க்காலுக்குள்ள தள்ளப் பார்த்தேனாடா பிள்ளைய?"ன்னாக. எனக்குக் கோவம் போன இடம் தெரியல.

உயரத்தச் சரியா வைக்கணும்னா ஆள் கனம் உள்ள இருக்கணும். தங்கச்சியக் கூட்டியாந்து அவ சீட்டுல உக்கார வச்சேன். மருதாணிக் கையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா. மாப்பிள்ளையக் கூப்பிட முடியாது. கோயில்ல கல்யாண ஓலை வாசிச்ச பெறகு தாலி ஏறுற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே வண்டியில உக்காரக்கூடாதுன்னு அம்மா கண்டிசனாச் சொல்லிருச்சு. "மாப்பிள்ளை கனத்துக்கு நான் இருக்கேன்"னு மாமா வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓட்டுற சீட்டுல ஏறினாக. தங்கச்சி விழுந்து விழுந்து சிரிச்சா. "அக்கா, போட்டோ எடுத்துராத, அவரு கல்யாணத்த நிறுத்திருவாரு"ன்னா. எனக்குச் சிரிப்பு வரல. வாய்க்கால் பக்கம் நடந்தத நான் அவகிட்டச் சொல்லவே இல்ல.

ரெண்டு பேர் கனத்தோட ரிங்கைத் திருகித் திருகி இறக்கினோம். சுவத்துக் கோட்டுல மேல கடைசிப் பாகத்துல புள்ளி லேசாச் சாஞ்சத, ஸ்டியரிங் உக்கார்ற இடத்துல மெல்லிசான வாஷர் வச்சுச் சரி பண்ணினாக. மிஷின் இல்லாததால நூல் கட்டி அலைன்மெண்ட் பார்த்தேன். அப்புறம் மாமாவப் பக்கத்துல உக்கார வச்சு அதே கல்லு மேல ஏத்தினேன். குதிச்சுச்சு, நேராப் போச்சு. மாமா கையெடுத்துக் கும்பிட்டாக. ஆனா அவுக சாமிய விட்டுட்டு என்னயத்தான் கும்பிட்டாக, அது எனக்குப் பிடிக்கல. திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஒவ்வொரு தடவை கல்லுகிட்ட வரயிலும் கை ஸ்டியரிங்கோட ஒட்டிக்கிரும்.

அந்தப் பயம் ஒருவழியா அடங்கினா, பழைய பயம் எந்திருச்சு உக்காந்துக்கிச்சு. இந்த உயரத்துல மண்டப மேட்டுல கட்டாயம் உரசும். மாட்டிக்கிறாது, ஆனா உரசும். அளந்து பார்த்துட்டோம். "மேட்டுக்கு முன்னாடியே இறங்கி நடந்துரட்டுமே"ன்னு அம்மாகிட்டக் கேட்டேன். "மண்டப வாசல்லதான் ஆரத்தி. பொண்ணு மாப்பிள்ளை ரோட்டுல இறங்கி நடக்கிறதா? எந்த ஊருப் பழக்கம்?"னு ஏசுச்சு. வேற வண்டி வைப்போம்னா தங்கச்சி கண்ணக் கசக்குறா. மாமா ரகசியமா என்கிட்ட, "பேண்டுக்காரன்ட்டச் சொல்லிட்டேன். மேடு வந்ததும் ட்ரம்ம ஓங்கி அடிப்பான். உரசுற சத்தம் எவன் காதுலயும் விழாது"ன்னாக. பாவம், அவுகளுக்கும் எனக்கும் ஒரே பயம்.

கல்யாணத்தன்னைக்குப் பூசை முடிஞ்சு சாமியார் வண்டிக்குத் தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சாரு. மாப்பிள்ளை வண்டிய எடுத்தாரு. பட்டுச் சேலையோட நான் வண்டிக்கும் வாய்க்காலுக்கும் நடுவுல நடந்தேன். "ஏத்தா, இந்தப் பக்கம் வந்து நடத்தா, விழுந்துறப் போற"ன்னு எல்லாரும் சொல்றாக. நான் போகல. வண்டி சரிஞ்சா நான் தாங்கிப் பிடிச்சுரப் போறேனா? பிடிக்க முடியாதுன்னு தெரியும். இருந்தாலும் அங்கனதான் நடந்தேன். காத்து அடிச்ச அடியில அவ நெட்டு பறந்து பறந்து என் மேல விழுது. கல்லு இருந்த இடம் வந்துச்சு. மாதாவே, மாதாவே, மாதாவேன்னு வேற ஒண்ணும் வாயில வரல. இடது சக்கரம் ஏறுச்சு, இறங்குச்சு. வண்டி நேராப் போச்சு. எனக்கு அந்த எடத்துலயே கண்ணீர் முட்டிருச்சு.

மண்டபம் வந்துச்சு. அம்மா ஆரத்தித் தட்டோட நிக்குது. மாமா பேண்டுக்காரகளுக்குக் கண்ணைக் காட்டுறாக. அவுக குச்சிய ஓங்கவும், போட்டோக்காரன் குறுக்க வந்து கையத் தூக்கி, "நிறுத்துங்க நிறுத்துங்க, வீடியோவுல ஆரத்திப் பாட்டு கேக்கணும்"னான். பேண்டு கப்புனு நின்னுபோச்சு. அந்த அமைதியில வண்டி மேடு ஏறுச்சு.

கிர்ர்ர்ர்னு ஒரு சத்தம். எந்தச் சத்தத்த இத்தனை வருஷமாப் படுக்கையில கேட்டேனோ அதே சத்தம்.

அம்மா தூக்கின தட்டக் கீழ இறக்கிருச்சு. மாமா கண்ண மூடிக்கிட்டாக. "உரசிருச்சே"ன்னு பின்னால ஒரு குரல் கேட்டுச்சு. மாப்பிள்ளை பயந்து போயி வண்டிய நிறுத்திட்டாரு. நான் ஓடிப்போயித் தங்கச்சி தோளப் பிடிச்சேன். "ஒண்ணுமில்லடி, அது ஒண்ணுமே இல்லடி"ன்னு எனக்கே நடுங்குது குரல்.

அவ நெட்ட ஒதுக்கிவிட்டு என்னைய நிமிர்ந்து பார்த்தா. "எதுக்குக்கா நடுங்குற? ஒன் வண்டியும் இங்கனதானே உரசுச்சு?"

"அதுக்குத்தான்டி..."

"ஒன்ன மாதிரியும் மச்சான் மாதிரியும் இருந்துட்டுப் போறோம்க்கா. அது போதும் எனக்கு."

மெதுவாச் சொல்லல அவ. அம்மாவுக்கும் மாமாவுக்கும், பின்னால பேசின குரலுக்கும் கேக்கிற மாதிரி சாதாரணமாச் சொன்னா. நான் அத்தனை சனத்துக்கு முன்னாடி வாய்விட்டு அழுதுட்டேன். என் வாழ்க்கையப் பார்த்து ஒருத்தி அது மாதிரி எனக்கும் வேணும்னு கேப்பான்னு நான் நினைச்சுப் பார்த்ததே இல்ல.

அந்தப் பக்கம் எங்க வீட்டுக்காரக பட்டு வேட்டியோட தரையில மண்டி போட்டு, வண்டிக்கு அடியில தலையை விட்டுப் பார்த்துட்டு எந்திருச்சாக. முழங்கால்ல மண்ணு.

"லேசாக் கீறியிருக்கு. வேற ஒண்ணுமே ஆகல"ன்னாக, என்னையப் பார்த்து.